எல்லா டிபார்ட்மெண்ட்லயும் தூங்கினவர்

இல்லீங்க தம்பி, சண்டை போட வரல. வக்கீலை எல்லாம் கூட்டிட்டு வரல, பாருங்க, தனியாத்தான் வந்திருக்கேன். கையில இந்தப் பை, பைக்குள்ள ஒரு குடை, தண்ணி பாட்டில், கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான். எதுக்கு நாற்காலிய அவ்வளவு தூரம் தள்ளிப் போட்டுக்கிறீங்க? தம்பின்னு கூப்பிடலாம்ல? முன்னந்தலையப் பாத்தா கொஞ்சம் யோசனையாத்தான் இருக்கு, ஆனா குரல் சின்ன வயசுக் குரலா இருக்கு. சரி, தம்பியே இருக்கட்டும்.

உள்ள எப்படி விட்டாங்கன்னா கேக்குறீங்க? நான் ஒரு பொய்யும் சொல்லல. கீழ உக்காந்திருக்கிற பொண்ணு யாரப் பாக்கணும்னு கேட்டுச்சு. பழைய படமெல்லாம் பத்திரமா வெச்சிருக்கிறவரப் பாக்கணும்னேன். நீங்க யாருன்னுச்சு. உங்க சேனல்ல ரொம்ப வருஷமா வந்துட்டிருக்காரே, அவரோட வீட்டுக்காரின்னேன். உண்மைதானே? அது செய்தி வாசிக்கிறவரோட சம்சாரம்னு நெனச்சுச்சோ என்னவோ, டக்குனு எந்திரிச்சு நின்னுருச்சு. காபி சாப்பிடுறீங்களாம்மான்னு கேட்டுச்சு. நானும் வேண்டாம்னு சொல்லல. இந்த அட்டையக் கழுத்துல மாட்டிவிட்டு, லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து, பட்டனையும் அமுக்கி விட்டுட்டுப் போச்சு. பாவம், அதத் திட்டிடாதீங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தூங்குற ஆளு கிளிப்பு ஒண்ணு இருக்குல்ல, தெரியுமா? தெரியுதா! சிரிப்ப ஏன் அடக்குறீங்க, தாராளமா சிரிங்க. நாற்காலியில சாஞ்சு, வாய் லேசாத் தொறந்து, தலைக்கு மேல ஃபேன் சுத்தும், மேஜையில பைலெல்லாம் காத்துல படபடன்னு அடிச்சுக்கும். அரசாங்கத்தப் பத்தி என்ன குத்தம் சொன்னாலும் அதத்தானே போடுவீங்க. அந்த ஆளு எங்க வீட்டுக்காரரு.

அட, எதுக்கு எந்திரிக்கிறீங்க? மேலதிகாரிக்கெல்லாம் போன் போடாதீங்க. உக்காருங்க. நான் கேக்க வந்தது சின்ன விஷயம். இப்ப கொஞ்ச நாளா அந்தப் படத்தக் காணோம். அதுக்குப் பதிலா ஏதோ ஒரு பொண்ணு ஆபீஸ்ல உக்காந்து செல்போன நோண்டுறதப் போடுறீங்க. எங்க ஆள என்ன பண்ணீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா, இல்ல இங்கதான் எங்கயாவது இருக்காரா? அது தெரிஞ்சாகணும் எனக்கு. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

தேடணுமா? தேடுங்க, தேடுங்க. அவசரமே இல்ல. நீங்க பாட்டுக்குத் தேடுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். ஆமா, ஜன்னலே இல்லாத ரூம்ல உங்கள மட்டும் ஏன் இப்படிக் குளிர்ல போட்டு வெச்சிருக்காங்க? படம் கெட்டுப் போயிடும்னா? நீங்க கெட்டுப் போனாப் பரவால்லியாமா?

அவரு தண்ணி டிபார்ட்மெண்டுங்க. அதுல புகார் பிரிவு. குழாய் உடைஞ்சா, தண்ணி கலங்கலா வந்தா, வராமலே போனா, நீங்க போன் பண்ணித் திட்டுவீங்கள்ல, அந்தத் திட்டெல்லாம் போய்ச் சேர்றது அவரு காதுலதான். அந்தப் படம் எடுத்த வருஷம் மெயின் குழாய் உடைஞ்சு பாதி ஊருக்குத் தண்ணி இல்ல. ஆபீஸ்ல இருந்தவங்க மொத்தப் பேரும் குழி தோண்டுற இடத்துக்குப் போயிட்டாங்க. போன் எடுக்க ஒரு ஆளு வேணும்னு இவர மட்டும் உக்கார வெச்சுட்டுப் போயிருக்காங்க. அந்த நேரம் பாத்து உங்க ஆளு கேமராவத் தூக்கிட்டு வந்திருக்காரு. வேலை செய்றவன் பூரா குழிக்குள்ள நிக்கிறான், கேமரா வந்து நின்னது தூங்குறவன் முன்னாடி.

நெசமாவே தூங்கினாராவா? தூங்கினாருங்க. நான் எதுக்கு மறைக்கணும். வெளிய யாரு கேட்டாலும் சொட்டு மருந்துன்னுவாரு. கண்ணுல மருந்து விட்டேன், டாக்டர் கொஞ்ச நேரம் மூடியே வெச்சிருக்கச் சொன்னாரு, அந்தக் கொஞ்ச நேரத்துல வந்து எடுத்துட்டானுங்கன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருந்தாரு. மருந்து விட்டது உண்மைதான், நான்தான் பையில வெச்சு அனுப்பினேன். ஆனா கண்ணுக்கு மருந்து விட்டா வாய் ஏங்க தொறக்குதுன்னு கேட்டா, அன்னைக்குப் பூரா என்கூடப் பேச மாட்டாரு. சாப்பிட்ட உடனே நாற்காலி, ஃபேன் காத்து, போனும் அடிக்கல. யாரா இருந்தாலும் கண்ணு சொருகத்தான் செய்யும். உங்க வாசல்ல செக்யூரிட்டி இப்ப அதத்தான் பண்ணிட்டிருக்காரு. நான் ஒண்ணும் படம் எடுக்கல, எழுப்பிவிட்டுட்டுதான் வந்தேன்.

முதல்ல தண்ணி டிபார்ட்மெண்டுன்னு சொல்லிப் போட்டீங்க. சரி, தண்ணி டிபார்ட்மெண்டுதான், வாய மூடிட்டு இருந்தோம். தெருவுல தூங்குமூஞ்சி சார்னு பேரு வந்துச்சு. அதுவும் போகட்டும், சார்னு ஒரு மரியாதை இருக்குல்லன்னாரு.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம். அன்னைக்குப் பூரா எங்க தெருவுல கரண்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சு. வந்த உடனே டிவியப் போட்டேன். உங்க செய்தி வாசிக்கிறவரு நரம்பு புடைக்கக் கேக்குறாரு, மின்சார வாரியம் என்னதான் செய்துகொண்டிருக்கிறதுன்னு. எனக்கும் ரத்தம் கொதிச்சுப் போச்சு. மடிச்சுட்டிருந்த துணியப் போட்டுட்டுக் கத்துறேன். தூங்குறான் பாருங்க, எப்படித் தூங்குறான் பாருங்க, வெக்கமா இல்ல இவனுக்கு, இவனுக்குன்னு ஒரு பொண்டாட்டி இருப்பாளே, அவளாச்சும் நாலு கேள்வி கேக்க மாட்டாளான்னு. பக்கத்துல உக்காந்து சட்டைக்குப் பட்டன் தெச்சுட்டிருந்த மனுஷன் தலையத் தூக்கி டிவியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. கேட்டுட்டுத்தான் இருக்கா, அப்படின்னாரு.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சோம். வயிறு வலிச்சுப் போச்சு. ஆனா தம்பி, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கட்டின புருஷன். எத்தனை வருஷமா அந்த மூஞ்சியில முழிச்சிருக்கேன். அந்த மூஞ்சிக்குக் கீழ மின்சார வாரியம்னு எழுத்து ஓடினதும் எனக்கே அவரத் தெரியல, எவனோ ஒருத்தன்னு திட்டிட்டேன். அப்ப மத்தவங்க என்ன பண்ணுவாங்க?

அதுக்கப்புறம் எங்க ஆளு போகாத டிபார்ட்மெண்டே இல்ல. ரோட்டுல பள்ளமா, அவரு தூங்குறாரு. தபால் வரலியா, அவரு தூங்குறாரு. ஆஸ்பத்திரியில மருந்து இல்ல, ரயில் லேட்டு, எல்லாத்துக்கும் காரணம் அவரோட அந்த ஒரு தூக்கந்தான். என் தம்பி போன் பண்ணிக் கேக்குறான், என்னக்கா, மச்சானுக்கு மாசா மாசம் டிரான்ஸ்ஃபரா, எங்க போனாலும் நாற்காலி மட்டும் அதே நாற்காலியா இருக்கேன்னு.

இதுல பெரிய கூத்து அவரோட ஆபீஸ்லயே நடந்துச்சு. அவரோட அதிகாரியும் டிவி பாக்குற ஆளுதானே. கூப்பிட்டு ஒரு விளக்கம் கேட்டாரு பாருங்க. தண்ணி டிபார்ட்மெண்ட்ல சம்பளம் வாங்கிட்டு, வேலை நேரத்துல மின்சார வாரிய ஆபீஸ்ல போய் எதுக்குத் தூங்குனீங்கன்னு! இவரு பதில் சொல்றாரு, சார், அது நம்ம ஆபீஸ்தான் சார், உங்க ரூம் கதவுதான் பின்னாடி தெரியுதுன்னு. அதிகாரி மறுபடி போட்டுப் பாத்தாராம். கதவு தெரியுது, கதவுல அவரு பேரும் தெரியுது. அதுக்கப்புறம் விளக்கம் எல்லாம் கேக்கல, பெயர்ப்பலகையக் கழட்டி வேற பக்கம் மாட்டிட்டாரு. அந்தப் பக்கம் மின்சார வாரியம் சும்மா இருக்குமா? அப்படி ஒரு ஊழியர் எங்ககிட்ட இல்லவே இல்லைன்னு அறிக்கை விட்டாங்க. அதுவும் உங்க சேனல்ல வந்துச்சு. ஊழியரையே மறைக்கிறது மின்சார வாரியம்னு. பின்னாடி படம் எது? அதே படம்.

இல்ல தம்பி, உங்களச் சொல்லல. நீங்க எடுத்துக் குடுக்குறவரு, கேக்குறாங்க, குடுக்குறீங்க. பருப்பு கேட்டா பருப்பு நிறுத்துக் குடுக்குற கடைக்காரர் மாதிரி. கெடைக்கலியா இன்னும்? மெதுவாப் பாருங்க. கண்ணாடி வேணுமா?

எங்க எதிர்வீட்டு டெய்லரம்மா இருக்காங்க. ரொம்ப நல்ல மனுஷி. அவங்க வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு இவருகிட்ட சொன்னாங்க, அன்னைக்குச் சாயங்காலமே ஆளக் கூட்டிட்டுப் போய் நின்னு சரி பண்ணிக் குடுத்தாரு. மறுநாள் அந்தக் குழாயிலேயே குடத்த வெச்சுத் தண்ணி பிடிச்சுட்டு என்கிட்ட பேசுறாங்க. இந்தத் தண்ணி டிபார்ட்மெண்ட்ல ஒருத்தனும் வேலை செய்யறதில்லக்கா, டிவியில காட்டுறான் பாருங்கன்னு. நான் குழாயப் பாக்குறேன், அவங்களப் பாக்குறேன். அப்புறம் ஞாபகம் வந்து, சார் மட்டும் வேறக்கான்னாங்க. எல்லாருக்கும் அப்படித்தாங்க. அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு மட்டும் நல்லவன், மீதி டிபார்ட்மெண்ட் பூரா தூங்குது.

நல்ல செய்தி வந்தா மட்டும் வேற படம் போடுவீங்க. மஞ்சத் தொப்பி போட்டுட்டு ஒருத்தரு ஏணி மேல நின்னு, நெத்தி வேர்வையத் துடைச்சுட்டுச் சிரிப்பாரே. வெள்ளம் வந்த சமயத்துல நாள் பூரா அவருதான். அப்ப எங்க தெருவ நீங்க பாத்திருக்கணும்! குழாய் சரி பண்ண வந்தவங்களுக்கு டெய்லரம்மா நாற்காலி போடுறாங்க, டீ குடுக்குறாங்க, குடை பிடிக்கிறாங்க. தண்ணி வடிஞ்சுச்சு, எங்க ஆளு மறுபடி டிவிக்கு வந்துட்டாரு, நாற்காலி உள்ள போயிருச்சு. அதே குழாய், வந்ததும் அதே ஆளுங்கதான்.

அந்த மஞ்சத் தொப்பிக்காரர இப்பத்தான் உங்க வாசல் டீக்கடையில பாத்தேன் தம்பி! பாத்த உடனே கைகூப்பிட்டேன், எந்த டிபார்ட்மெண்டுங்கன்னு கேட்டேன். அவரு நெளியிறாரு. அவரு உங்க பில்டிங்குக்கு ஏசி ரிப்பேர் பாக்குற ஆளாம். மாடியில ஏணி போட்டு நின்னப்ப எடுத்தாங்களாம். அரசாங்க ஆபீஸ் பக்கமே போனதில்லையாம். ஆனா தெருவுல எல்லாரும் மரியாதையாப் பேசுறாங்கம்மா, நானும் அது நான் இல்லைன்னு சொல்லிக்கலன்னாரு. நல்லா இருக்குல்ல? வேலை செஞ்ச டிபார்ட்மெண்டுக்கு வெளியாள் மூஞ்சி, தூங்குன டிபார்ட்மெண்டுக்கெல்லாம் எங்க ஆளு மூஞ்சி.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு சர்டிபிகேட் வாங்க ஒரு ஆபீஸுக்குப் போனேன். அலைய விடுவாங்கன்னு நெனச்சு சாப்பாடு, விசிறி எல்லாம் எடுத்துட்டுப் போனேன். கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு என்னை உக்கார வெச்சு, கேட்டத எழுதி, சீல் வெச்சு, அப்பவே கையில குடுத்துருச்சு. எனக்குச் சந்தேகமாப் போச்சு. இவ்வளவு சீக்கிரமாக் குடுக்குதே, இது நெஜ சர்டிபிகேட்தானான்னு அடுத்த கவுண்ட்டர்ல போய்க் காட்டிக் கேட்டேன். அங்க இருந்தவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. கூசிப் போச்சுங்க. எங்க வீட்டுலயே இத்தனை வருஷம் ஒருத்தரு அந்தப் பார்வை பாத்துட்டிருந்தாரு.

ஆமாங்க, வருத்தம் இருந்துச்சு. சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றேன்னு இல்லைன்னு நெனச்சுராதீங்க. அந்தப் படம் வந்ததுக்கப்புறம் அவரு ஆபீஸ்ல நாற்காலியில சாயவே மாட்டாரு. சாய்மானமே இல்லாத ஸ்டூலு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டாரு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதுலதான். வர்றவங்க போனத் தூக்கிப் பிடிச்சுட்டே வருவாங்களாம், எப்ப கண்ண மூடுவாருன்னு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா முதுகு பிடிச்சுக்கும். நான் தைலம் தேச்சுட்டே உங்க சேனலத் திட்டுவேன். நல்லாத் திட்டுவேன், இங்க சொல்ற மாதிரி இருக்காது. அவரு குப்புறப் படுத்துட்டுச் சொல்லுவாரு, விடும்மா, அந்தப் பையன் நல்ல பையன்னு. யாரு? படம் எடுத்தவர. வாய மூடுங்கன்னு இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்குவேன். அப்புறம் அவரு டிவி பாக்குறதையே விட்டுட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. அவ்வளவு எரிஞ்சுது.

ஆங்? கெடச்சிருச்சா? இருக்கா? அப்பாடா. இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். என்ன பேர்ல வெச்சிருக்கீங்க, படிங்க. அரசு ஊழியர், தூக்கம், பொது. பொதுவா! ஐயோ, அவரு கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. தண்ணி டிபார்ட்மெண்டுன்னு கூட இல்ல பாருங்க. பொது.

என்ன சொல்றீங்க? ஐயையோ! வேண்டாம், கைய எடுங்க! அந்தக் கம்ப்யூட்டர் எலியில இருந்து முதல்ல கைய எடுங்க தம்பி! யாரு அழிக்கச் சொன்னா? அழிக்கச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? அப்ப எதுக்கு வந்தேன்னு அப்பவே கேக்க வேண்டியதுதானே, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்கு அழிக்கப் பாக்குறீங்க. உங்கள நம்பி இங்க எத்தனை பேரு மூஞ்சி இருக்கோ. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

சொல்றேன், சொல்றேன். நீங்க டிவியில போடுறது துளியூண்டு. தூங்குறாரு, உடனே வெட்டிடுவீங்க. ஆனா அன்னைக்கு நடந்தது அதோட முடியலன்னு அவரு சொல்லுவாரு. கேமராக்காரர் கால் பட்டு குப்பைக் கூடை உருண்டிருக்கு. இவரு முழிச்சுட்டாரு. எதிர்ல யாரோ ஒருத்தரு நிக்கிறாரா, பழக்க தோஷம், என்ன புகார் தம்பி, எந்தத் தெருன்னு கேட்டிருக்காரு. அந்தப் பையனும் பதிலுக்கு, எங்க வீட்டுலயும் நாலு நாளாத் தண்ணி வரல சார்னு சொல்லிட்டாராம். இவரு உடனே குழியில நிக்கிறவங்களுக்குப் போன் போட்டு, முகவரியச் சொல்லி, வண்டித் தண்ணி அனுப்பச் சொல்லிட்டு, அந்தப் பையனுக்கு டீயும் வாங்கிக் குடுத்தாராம். அது நடந்த நேரம் பூரா கேமராவுல சிவப்பு விளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சாம். அதுக்கப்புறம் என்னைக்காவது அதையும் போடுவாங்கன்னு கொஞ்ச நாள் பாத்துட்டிருந்தாரு. உங்க டிவியில அவரு முழிச்சதே இல்ல.

அதனால கேக்குறேன். வெட்டாத படம் இருக்குமா? ஓ, முழுசாத்தான் வெச்சிருப்பீங்களா. நீளமா இருக்கா இது? சத்தமும் இருக்கா?

நல்லதாப் போச்சு. இல்ல, இதப் போட்டு அவரு நல்லவருன்னு காட்டச் சொல்லல. இனிமே எதுக்கு அதெல்லாம். போன மழைக்காலத்துல போயிட்டாருங்க. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரு, சட்டைய மாட்டிக்கிட்டு நடந்துதான் ஆட்டோவுல ஏறினாரு, ஆஸ்பத்திரி வரைக்கும் கூட... சரி, விடுங்க. நீங்க ஏன் இப்படி ஆயிட்டீங்க? உக்காருங்க தம்பி. காபி எல்லாம் வேண்டாம், கீழயே குடிச்சுட்டேன்.

மக சொல்றா, அந்த அசிங்கத்த எடுக்கச் சொல்லி எழுதிப் போடும்மான்னு. அவளுக்குத் தெரியாது, நான் தினமும் அதுக்காகத்தான் உங்க சேனலப் போட்டு வெச்சிருக்கேன். வீட்டுல போட்டோ நெறைய இருக்கு. எல்லாத்துலயும் அடையாள அட்டைக்கு நிக்கிற மாதிரி வெறப்பா நிப்பாரு. மக கல்யாண வீடியோவுலயும் தேடிட்டேன், ஓடிட்டே இருக்காரு, முதுகுதான் தெரியுது. உங்க படத்துலதான் மூச்சு விடுவாரு. சட்டைப் பையில பேனா இருக்குமே, அது ஏறும், எறங்கும். போட்டோ மூச்சு விடாதுல்ல. அதனால எங்கயாவது ரோடு பள்ளமாப் போச்சு, ரயில் நின்னு போச்சுன்னு செய்தி வந்தா நான் பாட்டுக்கு நாற்காலிய இழுத்துப் போட்டுட்டு முன்னாடி உக்காந்துருவேன். எந்த டிபார்ட்மெண்ட் தப்பு பண்ணாலும் எனக்கு அவரு வருவாரு. அந்தப் போன் நோண்டுற பொண்ணு வந்ததுல இருந்துதான் தவிச்சுப் போயிட்டேன்.

இருங்க, கண்ணாடியத் துடைச்சுக்கிறேன். குளிர்ல ஆவி படிஞ்சுருச்சு. ம், இப்பத் தெரியுது. அந்த ஃபேன், அந்த நாற்காலி. பேனா எறங்குது பாருங்க. இங்கதான், இந்த இடத்துலதான் நீங்க எப்பவும் வெட்டிடுவீங்க.

நிறுத்தாதீங்க தம்பி. ஓடட்டும். சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க. அவரு முழிக்கட்டும்.